துரைக்கு எட்டாத திகில்

புத்தி உள்ளவனுக்குத்தான் முதலில் புத்தி பேதலிக்கும் என்று விதி எழுதி வைத்திருக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. 'கால் ஆஃப் கதூலு' என்பது அதன் பெயர். அதில் உங்கள் பாத்திரம் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்து, ஒரே வீச்சில் ஐந்தோ அதற்கு மேலோ மனத்தெளிவுப் புள்ளிகளை இழந்துவிட்டால், அடுத்து அதன் அறிவுக்குப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால் தப்பித்தீர்கள், கண்டது இன்னதென்று மண்டையில் ஏறவில்லை. வென்றால் போச்சு. இன்னொரு விதி இதைவிடக் குரூரம். அண்டத்தின் இரகசியங்களைப் பற்றிய அறிவும் ஒரு திறமையாக நூற்றுக்கு இத்தனை என்று ஏறும். அது ஏற ஏற, மனத்தெளிவு தொடக்கூடிய உச்சவரம்பு அதே அளவுக்கு இறங்கும். படித்தால் கரையேறலாம் என்று சொல்லிச் சொல்லி தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் உட்கார்ந்து இந்த விதியைப் படிக்கையில் எனக்கு ஒரு குறும்புச் சந்தோஷம் வருகிறது.

மேசை ஆட்டம் என்றாலும் இதற்குப் பலகையும் காயும் தேவையில்லை. நாலைந்து பேர் சுற்றி உட்காருகிறார்கள். கதையை நடத்துகிறவரைக் கீப்பர் என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, துப்புத் தேடி, பயந்து ஓடி, பெரும்பாலும் சாகிறார்கள். பகடைகளும் பென்சிலும் இருந்தால் போதும். 1981இல் சாண்டி பீட்டர்சன் எழுத, அமெரிக்காவின் கேயாசியம் நிறுவனம் இதை வெளியிட்டது. அடிப்படை, எச். பி. லவ்கிராஃப்ட்டின் (1890–1937) கதைகள்.

லவ்கிராஃப்ட்டின் பயம் நம் ஊர்ப் பயத்துக்கு நேர் எதிரானது. தோட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமி உண்டு. கவ்வாத்து வெட்டுமுன் கவ்வாத்துச் சாமி, கொழுந்துக்குக் கொழுந்துச் சாமி, ஸ்டோர் இயந்திரத்துக்கு ரோதைமுனி. கோபம் வந்தால் காரணம் இருக்கும், சேவல் அறுத்தால் தணியும். எங்கள் பயங்களுக்கு விலாசம் உண்டு, வழக்குப் பேசலாம். லவ்கிராஃப்ட்டின் அண்டத்தில் பேசுவதற்கு ஆளே இல்லை. அங்கே இருப்பவை மனிதரை வெறுப்பதுகூட இல்லை. மனிதர் இருப்பதையே அவை பொருட்படுத்துவதில்லை. நேர்ந்துகொள்ள முடியாத உலகம். அதனால்தான் இந்த ஆட்டத்தில் யாரும் உண்மையில் ஜெயிப்பதில்லை, கொஞ்ச நாள் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்த ஆட்டத்தின் பெருமை அது புகுந்துகொண்ட காலங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஆதியில் 1920களின் அமெரிக்காவில் நடந்தது. 1986இல் 'கதூலு பை காஸ்லைட்' விக்டோரியா ராணி காலத்து லண்டனுக்குக் கூட்டிப்போனது. பிறகு ரோமப் பேரரசு, ஐரோப்பாவின் ஆயிரமாம் ஆண்டு, குதிரையும் துப்பாக்கியுமான அமெரிக்க மேற்கு, ஜேன் ஆஸ்டின் காலத்து நடனக்கூடம் என்று வரிசை நீண்டது. சொல்லத்தான் வேண்டும்: இந்த அடுக்கில் கணிசமானவை வெறும் வேஷம். தொப்பியும் விளக்கும் மாறும், அதே நிலவறை, அதே முக்காடு போட்ட கூட்டம், அதே பலிபீடம். கத்திக்குப் பதில் ரோம வாள் வந்தால் அது புதுக் காலம் ஆகிவிடாது.

நல்லதையும் வேஷத்தையும் பிரித்துப் பார்க்க நான் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்வேன். இந்தக் காலத்தில் யார் யாருடைய கதவைத் தட்டிக் கேள்வி கேட்கலாம்? துப்பறிவது என்பது கதவு தட்டுவதுதான். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், யாருடைய சொல்லுக்குப் பொலிஸ் குறிப்பெடுக்கும், யாரைப் பார்த்ததும் நாயை அவிழ்த்துவிடுவார்கள் என்பதை விதியாகவே எழுதிவிட்ட நூலில்தான் காலம் உயிரோடிருக்கிறது. ஆஸ்டின் காலத்து நூல் பாத்திரங்களின் நற்பெயருக்கு எண் போட்டு அதைச் செய்கிறது. அங்கே ஒரு பெண் தனியாக ஒரு ஆணின் வீட்டுக்குத் துப்புத் தேடிப் போனால் பிசாசு பிடிக்குமுன் ஊர்ப்பேச்சு பிடித்துவிடும். கிறிஸ் ஸ்பைவியின் 'ஹார்லம் அன்பவுண்ட்' (2017) இன்னும் ஆழமாகப் போகிறது. நியூயோர்க்கின் கறுப்பின மக்களை மையத்தில் நிறுத்தி, தோலின் நிறத்தால் எந்த இடத்தில் பேச்சு கடினமாகும் என்பதையும் கணக்கில் கொண்டுவருகிறது. லவ்கிராஃப்ட் மோசமான இனவெறியர். அவருடைய பயங்களில் பாதி, தெருவில் நடமாடும் அந்நிய முகங்களைப் பற்றியவை. அந்த முகங்களுக்கே பகடையைக் கொடுத்ததுதான் ஸ்பைவியின் துணிச்சல்.

ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் படைப்பு 'மாஸ்க்ஸ் ஆஃப் நயர்லதோடெப்'. 1984இல் லாரி டிட்டிலியோவும் லின் வில்லிஸும் எழுதியது. 1925 ஜனவரியில் நியூயோர்க் விடுதி அறையில் ஜாக்சன் ஈலியாஸ் என்ற எழுத்தாளர் கொலையாகிக் கிடக்கிறார். அங்கிருந்து லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகம் விரிகிறது. இதன் அழகு அரக்கர்களில் இல்லை, காகிதங்களில் இருக்கிறது. கடிதம், நாளிதழ்த் துண்டு, தீப்பெட்டி அட்டை, விசிட்டிங் கார்ட் என்று மேசையில் ஒவ்வொன்றாக வந்து விழும். ஆட்டக்காரர்கள் அவற்றைக் கையில் எடுத்து, புரட்டி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள். ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த லவ்கிராஃப்ட்டின் மூலக்கதையே (1928) செத்துப்போன ஒரு பேராசிரியரின் கோப்பைப் புரட்டுவதாகத்தான் நகர்கிறது. அந்தக் கோப்பில் இந்தியாவும் வருகிறது, சுதேசிகளிடையே ஏதோ கலவரம் என்ற ஒற்றைச் செய்தியாக. அத்தோடு சரி. கலவரம் செய்தவர்களுக்கு ஏதாவது தெரிந்திருக்குமா, அவர்களிடம் ஏதாவது காகிதம் இருந்திருக்குமா என்று அந்தக் கதையில் யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் ஊர்க் காகிதங்களை நான் யோசிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

1920களின் மஸ்கெலியா இந்த ஆட்டத்துக்கென்றே அளந்து தைத்த காலம். முதலாவது, கதவு. தோட்டத்துக்குள் வெளியாள் நினைத்தபடி நுழைய முடியாது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் தோட்டத்து நிலைமையைத் தன் கண்ணால் பார்க்கப் புடவை வியாபாரி வேஷம் போட்டுத்தான் உள்ளே போனார். பத்திரிகையாளர் என்பது 'கால் ஆஃப் கதூலு'வின் தொழில் பட்டியலில் உள்ள வழக்கமான பாத்திரம். மாறுவேடம் ஒரு திறமை. நடேசய்யரின் வாழ்க்கையிலிருந்து பாத்திரத்தாளை அப்படியே நிரப்பிவிடலாம், கற்பனை கலக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மொழி. ஆட்டத்தில் அயல்மொழியும் நூற்றுக்கு இத்தனை என்று அளக்கப்படும் திறமை. தோட்டத்தை நடத்திய வெள்ளைத் துரைமாருக்காகத் தமிழ்க் கையேடுகள் அச்சாகின. 'இங்கே வா' என்பதே ஒன்றின் தலைப்பு. 1915இல் வெல்ஸ் எழுதிய 'கூலி டமில்' இன்னொன்று. ஏவல் வினைகளால் ஆன தமிழ் அது. அந்தத் தமிழில் கொழுந்து எடு என்று சொல்லலாம். நேற்று ராத்திரி மலையில் என்ன பார்த்தாய் என்று கேட்டு, வருகிற பதிலில் எது மறைக்கப்படுகிறது என்று அறிய முடியாது. துரைக்கு எல்லாக் கதவும் திறக்கும், ஆனால் காதில் ஒன்றும் ஏறாது. பெரிய கங்காணிக்கு எல்லாம் காதில் விழும், வாயைத் திறந்தால் ஆள் கணக்கில் கிடைக்கிற தலைக்காசு போய்விடும். பங்களாவுக்கும் லயத்துக்கும் இரண்டு பக்கமும் போய்வருகிறவர்கள் யார்? பங்களாவில் சமைக்கிற அப்பு, துணி வெளுக்கிறவர், தபால் பை சுமப்பவர், பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. இவர்கள் நால்வர்தான் என் கட்சி. பொஸ்டன் பேராசிரியர்கள் நாலு பேரைவிட இவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

மூன்றாவது, காகிதம். கடனை அடைத்தால் ஆளை விடுவிப்பேன் என்று எழுதித் தருகிற 'துண்டு' 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஆக, பழைய துண்டு ஒன்று ஒருவர் பெட்டியில் கிடந்தால் அதுவே துப்பு. இந்தியக் கரையில் ஆள்கட்டும்போது கொடுத்த தகர டிக்கெட்டில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்தியிருக்கும். இல்லாத தோட்டத்தின் எண் போட்ட தகரம் ஒன்று மண்ணில் கிடைத்தால்? அப்புறம் ஆட்களின் வேலைநாள் பதிகிற செக்ரோல். ஆனால் நான் மிக ரசித்து யோசித்து வைத்திருக்கிற துப்பு இதைவிட எளிமையானது. நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்து காய்ந்தால் ஏறக்குறைய ஒரு இறாத்தல் தூள். கொழுந்து நிறுத்து எழுதுகிறவர் கணக்கப்பிள்ளை. தூளை நிறுத்து எழுதுகிறவர் டீமேக்கர். ஒரு பருவத்தில் இரண்டு ஏடுகளும் பொருந்தாமல் போகின்றன. பறித்த கொழுந்தால் வரக்கூடியதைவிட அதிகத் தூள் பெட்டியில் ஏறுகிறது. அந்த மிச்சத் தேயிலை எந்த மலையில் விளைந்தது, எந்தக் கை பறித்தது? இரண்டு ஏட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் துரை. அவருக்கு இதில் திகில் எதுவும் தெரியவில்லை. விளைச்சல் கூடியிருக்கிறது என்று கொழும்புக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதுகிறார்.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. சாட்டையையும் பட்டினியையும் கடனையும் ஏதோ ஒரு பூதத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. அந்தக் காரியங்களைச் செய்தவர்கள் மனிதர்கள், அதற்கு அவர்களிடம் கணக்கும் இருந்தது. வரலாற்றைத் தொடும் பல ஆட்டக்கதைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. போரையோ படுகொலையையோ மந்திரவாதி ஒருவன் தூண்டினான் என்று எழுதிவிட்டால், செய்தவர்களுக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது.

இன்னும் பின்னால் போனால் 1869. மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் தென்பட்டது. காற்றில் பரவும் பூஞ்சை. தோட்டக்காரர்கள் முதலில் பொருட்படுத்தவில்லை, அடுத்த பருவம் தேறிவிடும் என்றார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து ஆராய்ந்து அதன் வாழ்க்கைச் சுழற்சியைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததால் ஒரு பலனும் இல்லை, அதற்குள் கோப்பி போய்விட்டது. லவ்கிராஃப்ட் பிறப்பதற்கு முன்பே அவருடைய கதையை இந்த மலை நடத்தி முடித்திருக்கிறது. பகையில்லாத, பேச்சுவார்த்தைக்கு வராத ஒன்று ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கைத் தின்றது, தெரிந்துகொண்டவருக்குத் தெரிந்துகொண்டது மட்டுமே மிச்சம். இந்தக் காலத்துக்கு நான் ஒரு அரக்கனையும் சேர்க்க மாட்டேன். பூஞ்சை போதும்.

மஸ்கெலியா என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வேறொன்று என்பது எனக்குத் தெரியும். 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் பழைய நகரத்தை மூடியது. லவ்கிராஃப்ட்டின் கதையிலும் கடலடியில் ஒரு நகரம் இருக்கிறது, ஒருநாள் மேலே வருகிறது. இந்தப் பொருத்தம் வசதியானது, ஆனால் சோம்பேறித்தனமானது. எங்கள் பழைய டவுன் யாரையும் பயமுறுத்துவதில்லை. வறட்சியில் தண்ணீர் இறங்கிக் கோவிலும் பள்ளிவாசலும் தலை காட்டினால் சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு போய்ப் பார்த்து, கும்பிட்டு, படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த ஆண்டுகளின் திகில் தண்ணீருக்கு வெளியே, கச்சேரியில் இருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, நாடற்றிருந்த தோட்டத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மனிதரைப் பொருட்படுத்தாத அண்டம் என்று லவ்கிராஃப்ட் எதைச் சொன்னாரோ, அதை ஒரு விண்ணப்பப் படிவத்தில் பார்த்த தலைமுறை இது. இந்தக் காலத்துக்கு 'டெல்டா கிரீன்' ஆட்டத்தின் விதி பொருந்தும். 1997இல் துணைநூலாக வந்து, பிறகு தனி ஆட்டமான அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உறவுகள் எண்களாக எழுதப்பட்டிருக்கும்: மனைவி, தம்பி, சிநேகிதர். மனத்தெளிவு உடையும்போது அந்த அடியை ஓர் உறவின் மேல் தள்ளிவிடலாம். உங்கள் புத்தி தப்பும், அந்த உறவு தேயும். நவீனத் திகில் ஆட்டங்களில் இதைவிட நுட்பமான விதி எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்த ஒரு குடும்பத்தை மேசையில் வைத்தால், தலைமன்னார்க் கப்பலுக்கு நாள் குறித்த கடிதம் வருமுன்பே ஆட்டக்காரர்கள் எந்த எண்ணைத் தொடுவது என்று தயங்க ஆரம்பிப்பார்கள்.

ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் கேயாசியத்தின் இலவசச் சுருக்க விதிகளிலிருந்து தொடங்கலாம். 'தி ஹோண்டிங்' என்ற பழைய பொஸ்டன் வீட்டுக் கதை அதிலேயே இருக்கிறது. அதை அப்படியே ஆடாமல், வீட்டைப் பாழடைந்த துரை பங்களாவாக மாற்றி, நூலகத்தின் இடத்தில் தோட்டக் கந்தோரை வையுங்கள். துப்பு கிடைக்காமல் பகடை தோற்றுப்போனால் கதை முட்டுச்சந்தில் நின்றுவிடும் என்பது இந்த ஆட்டத்தின் பழைய குறை. 2008இல் கென்னத் ஹைட் எழுதிய 'டிரெயில் ஆஃப் கதூலு', முக்கியத் துப்புக்குப் பகடையே வேண்டாம், தேடினால் கிடைக்கும் என்று அதைத் தீர்த்தது. அந்த ஒரு விதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பு, மருத்துவச்சி, தபால்காரர், வெளுப்பவர் என்று வேடங்களைப் பகிர்ந்து கொடுங்கள். யாராவது துரையாக ஆட ஆசைப்பட்டால் கொடுக்க வேண்டாம், அந்த வேடத்தைக் கீப்பரே வைத்துக்கொள்ளட்டும்.