பெயரும் பெயரிட்டோரும்: 'வெல்ஷ்' என்னும் சொல் பற்றிய ஒரு நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் பெயருக்குச் சொற்பிறப்புக் கண்டதும் அம்மக்களின் இயல்பையே கண்டுவிட்டதாகக் கருதும் போக்கொன்று உண்டு. அப்போக்கு எத்துணைக் குறைபாடுடையது என்பதற்கு 'வெல்ஷ்' என்னும் ஆங்கிலச் சொல் தக்க சான்றாகும்.

வேல்ஸ் நாட்டவரைக் குறிக்கும் இச்சொல், அயலான் எனப் பொருள்படும் 'வெயல்ஹ்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் அடியாகப் பிறந்தது. 5ஆம் நூற்றாண்டு முதல் கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சனியர், அத்தீவில் தமக்கு முன்னரே வாழ்ந்த பிரித்தானியரை இவ்வாறு அழைத்தனர். வந்தவர் இருந்தவரை அயலார் என்றனர். ஜேர்மானிய மொழிகளில் இதன் மூலச்சொல் கெல்ற்றியரையும் உரோமரையும் சுட்டி நின்றது. பெல்ஜியத்து வலோன் மக்களின் பெயரும், போலந்து மொழியில் இத்தாலிக்கு வழங்கும் 'வுவோஹி' என்னும் பெயரும் அதன் கிளைகளே.

ஆயின், பிரித்தானியாவில் இப்பெயர் வெறும் சுட்டாக நின்றுவிடவில்லை. 7ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் வெசெக்ஸ் மன்னன் இனே வகுத்த சட்டம், கொலையுண்டவனுக்கு ஈடாகச் செலுத்தவேண்டிய உயிர்விலையை ஆங்கிலேயனுக்கு உயர்த்தியும் வெயல்ஹுக்குக் குறைத்தும் விதித்தது. காலப்போக்கில் அடிமை என்ற பொருளும் இச்சொல்லில் ஏறியது. இப்பொருளை வேர்ச்சொல்லிலே தேடிப் பயனில்லை. நிலத்தையும் சட்டத்தையும் கைக்கொண்டோர் ஏற்றிய பொருள் அது.

அம்மக்களோ தம்மையும் தம் நாட்டையும் 'கம்ரி' என்றே வழங்குவர். ஒரே நிலத்தார் எனப் பொருள்படும் பழைய பிரித்தானியச் சொல்லின் வழிவந்தது இது. ஒரு பெயர் விலக்குகின்றது. மற்றையது உறவு கூறுகின்றது.

அவ்வாறாயின் 'வெல்ஷ்' என்பதை இழிசொல் என ஒதுக்கலாமா? அதுவும் பொருந்தாது. சட்டங்களில் 'இங்கிலாந்து' என வருமிடமெல்லாம் வேல்ஸும் அடங்கும் என 1746இல் விதிக்கப்பட்டிருந்தது. பின்னர் இயற்றப்படும் சட்டங்களுக்கு அவ்விதி செல்லாதென ஆக்கியது 1967ஆம் ஆண்டின் 'வெல்ஷ் மொழிச் சட்டம்' ஆகும். அயலார் எனத் தள்ளிய சொல்லே தனித்தன்மையை நிலைநாட்டிய சட்டத்தின் பெயரிலும் இடம்பெற்றது. அச்சொல்லைத் தாங்கிய மக்கள், தம் மொழிக்காக நடத்திய போராட்டத்தினால் அதன் பொருளை மாற்றினர்.

தமிழில் நாம் எழுதும் 'வேல்ஸ்' என்பதும் ஆங்கிலத்தின் வழி வந்ததே. சொற்பிறப்பியல் பெயரிட்டோரின் பார்வையை நமக்குக் காட்டும். பெயரைத் தாங்கியோரை அறிய அவர்களின் வரலாற்றையும், அவர்கள் தம்மை அழைத்துக்கொண்ட சொல்லையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.