ஒட்டுக் கட்டியவனுக்குக் கூலி உண்டா?

பிறனுடைய வேரில் ஒட்டுக் கட்டிய கன்று வளர்ந்து பால் கொடுக்கத் தொடங்கினால் அப்பால் யாருடையது? நிலம் உடையவனுடையதா? விதை இட்டவனுடையதா? நல்ல மரத்தின் மொட்டைக் கொணர்ந்து, பட்டையைக் கீறிப் பொருத்தி, அது பிடிக்கும் வரையில் காத்திருந்தவனுடையதா? ரப்பர்த் தோட்டத்தில் இக்கேள்விக்கு விடை எளிது. நிலமும் பாலும் கம்பெனியாருடையன. ஒட்டுக் கட்டியவனுக்கு அவன் கூலி. அக்கூலி போதுமா போதாதா என்று வழக்காடினோர் உண்டு. கூலியே வேண்டுவதில்லை என்று வாய்விட்டுச் சொன்ன முதலாளியைத் தோட்டம் கண்டதில்லை. ஆனால், இன்று உலகெங்கும் இளைஞர் ஆடிக் களிக்கும் கணினி விளையாட்டுகளில் நிகழும் ஒட்டுவேலைக்குக் கூலி எதற்கு என்று கேட்போர் பலராயிருக்கின்றனர். அவர்தம் வாதத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு பசப்பு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொட்டுவேலையை ‘மோட்’ என்று வழங்குவர். ஒரு கம்பெனியார் செய்து வெளியிட்ட விளையாட்டிலே, அதனை ஆடுவோர் தாமே புதிய ஊரையும் புதிய வண்டியையும் புதிய கதையையும் செய்து சேர்ப்பது மோட் ஆகும். இஃது ஏதோ மேனாட்டார் பொழுதுபோக்கு என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டா. நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் மாலியோ என்னும் நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டில் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். ஆடுவோர் தாம் வரைந்த வண்டிகளை அதிலே ஓட்டிப் பார்க்க அவர்கள் வழி திறந்துவிட்டனர். அவ்வழியே தமிழ்நாட்டு இளைஞரும் புகுந்தனர். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தின் முகப்பையும், படிக்கட்டையும், சன்னற்கம்பியையும், தமிழில் எழுதிய ஊர்ப்பலகையையும் கணினியிலே வடித்துச் சாவகத்துச் சாலைகளில் ஓடவிட்டனர். அவற்றுள் வண்ணம் மட்டும் மாற்றியவை சில; அளவும் வளைவும் பிசகாமல் ஒவ்வோர் உறுப்பையும் புதிதாக உருவாக்கியவை சில. முன்னையது ஒரு மாலை வேலை. பின்னையது பல வாரத்துப் பிரயாசை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிப் ‘பையன்கள் விளையாட்டு’ என்று தள்ளுவது மதிப்பீடு அறியாதார் செயல்.

“மூலம் பிறருடையது, ஆகவே ஒட்டியவனுக்கு உரிமையில்லை” என்பது முதல் ஆட்சேபம். இதற்கு விடை நம் இலக்கண நூலிலேயே உளது. நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தார். முதனூலின் பொருளை உடன்பட்டு, பின் வந்தோன் தான் வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல். அதற்கும் நூல் என்றே பெயர். செய்தவனுக்கும் ஆசிரியன் என்றே பெயர். வான்மீகியின் கதையைக் கொண்டமையாற் கம்பர் ஆசிரியரல்லர் என்று கூறுவார் யாருமிலர். அவரைப் பேணிய சடையப்ப வள்ளல், “கதை உம்முடையதன்றே, உமக்குப் பரிசில் எதற்கு?” என்று கேட்டதாக எக்கதையும் வழங்கவில்லை. மேனாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ‘ஸ்கைரிம்’ என்னும் விளையாட்டின்மேல் ஒட்டப்பட்ட ‘தி ஃபர்காட்டன் சிட்டி’ என்னும் மோட், ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் பரிசை 2016இல் பெற்றது. எழுத்தாளர் சங்கமே அதனை எழுத்தென்று ஒப்புக்கொண்டபின், மூலத்தைக் காட்டி மோட் செய்தவனைச் சிறுமைப்படுத்துதல் பொருந்தாது. அதுவே 2021இல் தனித்ததொரு விளையாட்டாக வளர்ந்து விற்பனைக்கும் வந்தது.

சட்டமும் இதனை முற்றிலும் மறுக்கவில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மொழிபெயர்ப்பு, தழுவல் போன்ற வழிப்படைப்புகளையும், மூலத்தின் உரிமைக்குக் குறைவு நேராத வகையில், தனிப் படைப்பாகக் காக்கிறது. எனினும், சட்டம் ஒருபுறமிருக்க, விளையாட்டை நிறுவும்போது ‘உடன்படுகிறேன்’ என்று ஆடுவோன் அழுத்துகிற பொத்தானின் பின்னே நீண்டதோர் ஒப்பந்தம் கிடக்கிறது. பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. கைநாட்டு வைத்துக் கப்பலேறிய நம் முன்னோர் நிலையும் இஃதே அன்றோ!

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் நயமானது. “அவர்கள் விருப்பத்தினாற் செய்கிறார்கள்; காசு புகுந்தால் அன்பு போய்விடும்” என்பது அது. இதிலே உண்மையுண்டு. தோட்டத்திலே பால் வெட்டிக்கொண்டும் களை எடுத்துக்கொண்டும் நம் தாய்மார் பாடிய பாடல்களை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த பழைய மெட்டு. அதன்மேல் ரப்பரும், கங்காணியும், கப்பலும் புதிய சொல்லாக ஏறின. ஒருத்தி ஓரடி சேர்த்தாள். மற்றொருத்தி அதை மாற்றினாள். கூலி கேட்டவர் எவருமில்லை. கேட்டிருந்தால் அப்பாடல் அவ்வாறு பரவியிராது. மோட் செய்வோர் உலகமும் இத்தகையதே. ஒருவர் செய்த சக்கரத்தை மற்றொருவர் வாங்கிப் பொருத்துகிறார். அவர் செய்த விளக்கை மூன்றாமவர் எடுத்துக்கொள்கிறார். கைம்மாறாக வேண்டுவது பெயர் ஒன்றே.

ஆயினும், அன்பினாற் செய்யும் வேலை என்பதனால் அதன் பயனை வேறொருவர் விற்றுக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா? அப்பாடலை எவரும் விற்காதவரையில் அது பொதுச்சொத்து. ஒருவன் அதனைப் பிடித்து விற்கத் தொடங்கிய நாளிலேயே பாடினவளுக்குப் பங்கு எங்கே என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. பயனை எண்ணாமல் உழை என்னும் உபதேசத்தை உழைப்பவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது பெருந்தன்மை. பயனை உண்பவன் அதைச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

புறநானூற்றிலே பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் ஒருவர் வருகிறார். அதியமான் அவரை நேரிற் காணாமலே பொருள் கொடுத்தனுப்பினான். தாம் பரிசிலை வாணிகமாகக் கொண்டவரல்லர் என்று கூறி அவர் அதனை மறுத்தார். தம் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு சிறிதாயினும் இனிது என்றார். இப்புலவரைக் காட்டி, ‘பார், கலைஞன் காசை விரும்பான்’ என்று சிலர் முடிவுகட்டுவர். பாட்டின் கருத்து அதுவன்று. அவர் பரிசிலை வெறுத்தாரில்லை. மதிப்பின்றி வீசப்பட்ட பரிசிலை வெறுத்தார். ஊதியத்தோடு மதிப்பும் வேண்டும் என்பது அவர் வழக்கு. இன்று மோட் செய்வோருக்குக் கிடைப்பதோ பலவிடங்களில் பரிசிலற்ற புகழ். சிலவிடங்களில் அப்புகழும் இல்லை. ஒருவர் செய்த பேருந்தை மற்றொருவர் பெயரை நீக்கிவிட்டுத் தமதென்று வெளியிடுகிறார். அதனால் வரும் விளம்பரக் காசையும் தாமே கொள்கிறார்.

இனி, இக்கேள்வியை உலகறிய எழுப்பிய நிகழ்ச்சிக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், ‘ஸ்டீம்’ என்னும் கணினிக் கடையை நடத்தும் வால்வ் கம்பெனியாரும், ஸ்கைரிமை வெளியிட்ட பெதெஸ்டா கம்பெனியாரும் சேர்ந்து, மோட்களை விலைக்கு விற்கலாம் என அறிவித்தனர். பங்கு பிரித்த வகையாவது: கடைக்காரருக்கு 30 விழுக்காடு, மூல விளையாட்டை உடையோர்க்கு 45 விழுக்காடு, செய்தவனுக்கு 25 விழுக்காடு. அக்காலத்துக் கங்காணி, வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்றான் என்பதை நாம் குறையாகப் பேசுகிறோம். அத்தலைக்காசு அன்றைய கூலியில் மிகச் சிறு பகுதியே. இங்கோ, உழைத்தவன் கையில் கால் பங்கு. உழையாதார் கையில் முக்கால் பங்கு!

ஆடுவோர் கொதித்தெழுந்தனர். 1 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எதிர்ப்பு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். விற்பனைக்கு வந்த மீன்பிடி மோட் ஒன்று, மற்றொருவர் இலவசமாகத் தந்த அசைவுகளைத் துணைக்கொண்டது என்ற வழக்கு எழுந்து, உடனே மீட்டுக்கொள்ளப்பட்டது. நான்கே நாளில், ஏப்ரல் 27ஆம் நாள், கம்பெனியார் திட்டத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தனர். மக்கள் வென்றனர் என்று பலர் மகிழ்ந்தனர். வென்றவர் யார் என்று சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். செய்தவனுக்கு முன்பு பூச்சியம். நான்கு நாள் கால் பங்கு. பின்பு மீண்டும் பூச்சியம். ஆடுவோனுக்குச் செலவு மிச்சம். கம்பெனிக்கோ ஒரு நட்டமும் இல்லை. 2011இல் வெளிவந்த ஸ்கைரிம் 2023க்குள் 6 கோடிப் படிகளுக்கு மேல் விற்றதாக அதனைச் செய்தோரே கூறினர். பன்னிரண்டு ஆண்டு அவ்விளையாட்டு மங்காதிருந்தமைக்கு, கூலியின்றி அதனைப் புதுக்கிவந்த ஆயிரக்கணக்கான மோட்களும் ஒரு காரணம் என்பதை யாவரும் ஒப்புவர்.

ஆகவே, ஆடுவோன் காசு கொடுக்கலாமா கூடாதா என்று நெடுநாளாக நடக்கும் வாதம் திசை மாறிய வாதமாகும். கடன்பட்டவன் வேறொருவன் இருக்க, ஏழைகள் இருவர் தம்முட் சண்டையிடுகின்றனர். மோட் செய்வோரும் ஆடுவோரும் பெரும்பாலும் ஒரே வகுப்பார். இளைஞர், மாணவர், சிறு சம்பளக்காரர். அவர்தம் உழைப்பால் நெடுங்காலம் இலாபம் பெறுகிறவர் கம்பெனியார். கூலி கொடுக்கும் கடமையும் அவரையே முதற்கண் சாரும்.

கம்பெனியாருக்கு இவ்வறம் தெரியாததன்று. வால்வ் கம்பெனியாரின் ‘ஹாஃப்-லைஃப்’, மற்றொரு கம்பெனியாரின் ‘குவேக்’ இயந்திரத்தை உரிமம் பெற்று மாற்றியமைத்து 1998இல் ஆக்கியதே. கம்பெனியின் வேரில் கம்பெனி ஒட்டுக் கட்டினால் அங்கே ஒப்பந்தம் எழுதப்படுகிறது. அந்த ஹாஃப்-லைஃபின்மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் 1999இல் ‘கவுன்டர்-ஸ்டிரைக்’ என்ற மோட்டைச் செய்தபோது, அதன் உரிமையை வால்வ் விலைக்குக் கொண்டது; இருவரையும் பணியில் அமர்த்தியது. இது நேர்மை. ‘டோட்டா’வின் கதையோ வேறு. பிளிஸார்ட் கம்பெனியாரின் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டின்மேல் 2003இல் தோன்றிப் பலர் கைமாறி வளர்ந்த மோட் அது. அதன் வழித்தோன்றலாகிய ‘டோட்டா 2’ஐ 2013இல் வெளியிட்டது வால்வ். 2018 நவம்பரில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் 10 இலட்சம் அமெரிக்க டாலர் பரிசுக்கு இதே ஆட்டம் நடந்தது. நம் பிள்ளைகளும் கண்டு களித்தனர். பலர் கூலியின்றி இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்த மாளிகை அது. கைவிட்டுப்போன செல்வத்தைக் கண்டு விழித்த பிளிஸார்ட் என்ன செய்தது? 2020இல் ‘வார்கிராஃப்ட் 3’ஐப் புதுக்கி வெளியிட்டபோது, அதன்மேல் எவர் எதைச் செய்தாலும் அது முழுவதும் கம்பெனிக்கே உரிமை என்று விதி எழுதிக்கொண்டது!

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இவ்விதியின் கசப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. லயத்தின் பின்னே வாழையும் முருங்கையும் வைத்தோம். கையிற் கிடைத்த சில்லறையைச் சேர்த்துக் கோயிலும் படிப்பகமும் எழுப்பினோம். தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது, நிலப்பட்டா யார் பெயரில் என்ற ஒரே கேள்வியில் அத்தனையும் அயலாருடையதாயிற்று. பிறன் நிலத்தில் கொட்டிய வியர்வைக்குப் பத்திரம் இல்லை. சிரம்பானை ஒட்டிய தெமியாங்கிலே இன்று கணினியின் முன் அமர்ந்து மோட் செய்யக் கற்கும் இளைஞன், பாட்டன் வைத்த வாழையின் கதையையே வேறோர் எழுத்தில் எழுதுகிறான் என்பதை அவன் உணர வேண்டும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? ஒவ்வொரு மோட்டுக்கும் விலை ஒட்டி விற்பது நல்வழியன்று என்பதே எமது அபிப்பிராயம். ஒருவர் வேலை மற்றொருவர் வேலையோடு பின்னிக் கிடக்கிற இடத்தில் விலை புகுந்தால், மீன்பிடி மோட்டுக்கு நேர்ந்த வழக்கே நாள்தோறும் நேரும். கொடுத்து வாங்கும் பழக்கம் அற்றுப்போம். வேறு வழிகள் உள. பெதெஸ்டா 2017இல் சில மோட் செய்வோரை ஊதியத்துக்கு அமர்த்தி வேலை வாங்கியது. 2023 டிசம்பரில், தேர்ந்தெடுத்தோர்க்கு விற்பனையிற் பங்கு தரும் முறையையும் கொணர்ந்தது. ‘நெக்சஸ் மோட்ஸ்’ என்னும் மோட் களஞ்சியத்தார், 2018 முதல் ஒரு பொதுநிதி வைத்து, எத்துணைப் பேர் எடுத்துக்கொண்டனர் என்பதற்கேற்பச் செய்தோர்க்குப் பகிர்ந்தனர். ஆடுவோனுக்குப் பொருள் இலவசமாகவே இருந்தது. இவற்றுள் பின்னதே எமக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது. தமிழரும் இத்தகைய அறத்தை அறியாதவரல்லர். 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியாரின் நூல்களைப் பொதுவுடைமையாக்கிற்று. பின்வந்த நாட்டுடைமைகளில் எழுத்தாளரின் குடும்பத்தார்க்குப் பொருள் வழங்கப்பட்டது. படைப்பு எல்லார்க்கும் பொது. படைத்தவன் குடும்பத்துக்குப் பொருளும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பகையல்ல என்பதற்கு இதுவே சான்று.

இதில் இளைஞர்க்கும் கடமையுண்டு. தாம் செய்ததில் தம் பெயரைப் பொறித்தல் வேண்டும். பிறர் செய்ததை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லுதல் வேண்டும். பொத்தானை அழுத்துமுன் ஒப்பந்தத்தைப் படித்தல் வேண்டும். தன்னைச் சுரண்டும் கம்பெனியை ஏசிக்கொண்டே தன் தோழனின் பேருந்தைத் திருடுகிறவன் கூலியைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறான். பெற்றோரும், “சம்பளமில்லாத வேலை, வேலையா?” என்று பிள்ளையைக் கடிந்துவிட்டு வாளாவிராமல், “உன் வேலைக்குச் சம்பளம் தர வேண்டியவன் யார்?” என்று கேட்டுப் பழக வேண்டும்.

தருகிறேன் என்று ஒருவன் மனமுவந்து தருவது கொடை; தந்துதான் ஆகவேண்டும் என்று பிறன் எழுதி வைத்துக்கொள்வது வெட்டி வேலை. மோட் செய்வோன் இலவசமாகக் கொடுக்கும் உரிமையும் அவனுக்கே. விலை கேட்கும் உரிமையும் அவனுக்கே. அவ்வுரிமையை முதலில் அவன் கையில் வையுங்கள். கூலியின் அளவைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.