சிட்டுக்குருவிக்குப் போன அரிசி

பூந்தமல்லியிலிருந்து பல்லாவரம் போகும் வழியில் இருக்கிறது குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். பெற்றவரும் பிள்ளையும் மோதிக்கொள்ளும் கதைகளில் தமிழின் மிக உக்கிரமான இரண்டு அந்த மனிதர் பாடியவை. ஒன்றில், பூசைக்கு வைத்த பாற்குடத்தைக் காலால் இடறிய அப்பாவின் கால்களை மகன் வெட்டுகிறான். இனி உனக்கு நானே தந்தை என்று சிவபெருமான் அவனை ஏற்றுக்கொள்கிறார். இன்றைக்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் உட்பட எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும், அந்தப் பிள்ளையின் சன்னிதியில் மெல்லக் கை தட்டிவிட்டுத்தான் நகர்கிறோம். இன்னொன்றில், அடியாருக்கு விருந்து வைக்கச் சிறுத்தொண்டர் தம் ஒரே மகன் சீராளனை அரிகிறார். பிள்ளை சிரித்த முகமாக இருக்கிறான். அவன் தரப்பு என்று பாட்டில் தனியாக ஒன்றும் இல்லை.

புகழ்பெற்ற அப்பாவையோ அம்மாவையோ பற்றி எழுத உட்காரும் பிள்ளைகளுக்கு எதிரே கிடப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு வழிகள்தாம்: காலை வெட்டலாம், இல்லையென்றால் சிரித்துக்கொண்டே மடியில் கிடக்கலாம். மூன்றாவதாக ஒரு வழி கண்டவர்களின் புத்தகங்களே திரும்பத் திரும்பப் படிக்கத் தக்கவை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவரின் மகன் தன் அப்பாவைப் பற்றி எழுதினால், வாசகர் அந்த அப்பாவை முதல் பக்கத்தில்தான் சந்திக்கிறார். எழுதுகிறவர் காட்டுகிறபடியே அவர் உருவாகிறார். பிரபலத்தின் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. வாசகர் வரும்போதே ஓர் அப்பாவைக் கையோடு கொண்டு வருகிறார்: மேடையில் பார்த்தவர், திரையில் ரசித்தவர், பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்தவர். அந்த உருவத்தோடு எழுதுகிறவர் மல்லுக்கு நிற்க வேண்டும். உடைத்தால் வன்மம் என்பார்கள், தொடாமல் விட்டால் அது நினைவு மலர் ஆகிவிடும்.

இந்தச் சங்கடத்தை ஒரே மனிதர் இரண்டு முறை எழுதிப் பார்த்திருக்கிறார். கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர் ஆங்கிலேயரான பிலிப் ஹென்றி காஸ். வேதாகமத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காத பக்தர். 1890இல் அவருடைய மகன் எட்மண்ட் காஸ், அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை அடக்க ஒடுக்கமாக எழுதினார். அந்தப் புத்தகத்தை இன்று ஆராய்ச்சியாளர்கள்தாம் தேடுகிறார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1907இல், ‘ஃபாதர் அண்ட் சன்’ வந்தது. முதல் பதிப்பில் எழுதியவர் பெயரே இல்லை. அதே அப்பா, அதே வீடு. ஆனால் இந்த முறை, அந்த வீட்டில் மூச்சுத் திணறிய சிறுவனும் உள்ளே இருந்தான். நினைவெழுத்து என்ற கலையில் ஆங்கிலத்துக்கு அது ஒரு திருப்புமுனை.

தமிழில் முதல் வகைப் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் வரலாற்றை அவருடைய மகன் மறை. திருநாவுக்கரசு பெரிய நூலாக எழுதினார். அடிகள் 1911இல் துறவு பூண்டவர். பூண்ட பிறகும் மனைவி மக்களோடு அதே வீட்டில் இருந்தவர். துறவியின் பிள்ளையாக வளர்வது எப்படியிருக்கும்? ஒரு நாவலுக்குரிய கரு இது. ஆனால் மகன் எடுத்துக்கொண்ட வேலை வேறு: தனித்தமிழின் தலைமகனுக்கு ஆவணம் அமைப்பது. அதை உழைத்துச் செய்தார். இரண்டாவது புத்தகம் வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து எழுந்த குரல் என்றால் பாரதியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும். செல்லம்மா பாரதி மனைவி, மகள் அல்ல. ஆனாலும் ‘பாரதியார் சரித்திரம்’ அவர் சொல்லி, மகள் தங்கம்மாள் எழுத்தில் வடிவம் பெற்றது என்பதால் அதில் இரண்டு தலைமுறையின் கண் இருக்கிறது. இளைய மகள் சகுந்தலாவும் அப்பாவைப் பற்றித் தனியே எழுதினார். ஊரறிந்த அந்த அரிசிக் கதை இந்த வீட்டிலிருந்து வந்ததுதான். கடன் வாங்கி வந்த அரிசியைச் சமைக்க எடுத்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போகிறார் செல்லம்மா. திரும்பி வந்து பார்த்தால், கணவர் அதை முற்றத்தில் குருவிகளுக்கு இறைத்துவிட்டுப் பரவசத்தில் இருக்கிறார்.

மேடைப் பேச்சாளர்கள் இந்தக் கதையைக் கவிஞரின் கருணையோடு நிறுத்திவிடுவார்கள். அடுப்பங்கரையில் நின்று பார்க்கிறவருக்கு அது பிள்ளைகளின் மதியச் சோறு. செல்லம்மாவின் சாமர்த்தியம், இரண்டையும் ஒரே சம்பவத்துக்குள் விட்டுவைத்ததில் இருக்கிறது. கருணைக்கு ஒரு பக்கம், பட்டினிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கணக்குக் காட்டவில்லை. அந்தக் கைதான் கவிதை எழுதியது, அந்தக் கைதான் அரிசியை இறைத்தது. 1951இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்று பேசியபோதும் அவரிடம் அந்தத் தெளிவு இருந்தது. மகாகவியின் மனைவியாக இருப்பதில் உள்ள பெருமையையும் கஷ்டத்தையும் ஒரே மூச்சில் சொன்னார்.

சினிமா வீடுகளில் இந்தச் சமநிலை இன்னும் கடினம். ஜெமினி கணேசனைப் பற்றி மகள் நாராயணி கணேஷ் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியிருக்கிறார். பல வீடுகள் கொண்ட அப்பாவை, ஒரு வீட்டிலிருந்து பார்த்த பாசமான பார்வை அது. 2018இல், அவர் மணந்த நடிகை சாவித்திரியின் கதை ‘நடிகையர் திலக’மாகத் திரைக்கு வந்தபோது, இன்னொரு மகளான டாக்டர் கமலா செல்வராஜ், அப்பாவைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று வெளிப்படையாக வருந்தினார். சாவித்திரியின் மகள் விஜய சாமுண்டீஸ்வரி படத்தின் பக்கம் நின்றார். யார் சொல்வது உண்மை என்று அப்போது தொலைக்காட்சி முன் வழக்காடியவர்கள், இரண்டு மகள்களுக்கும் அவரவர் வாசலில் வந்து நின்ற அப்பா வேறு வேறு ஆள் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. நினைவெழுத்து சாட்சியம்தான், தீர்ப்பல்ல.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு 2025இல் வந்த அருந்ததி ராயின் ‘மதர் மேரி கம்ஸ் டு மீ’ நூலைப் படித்தால்தான் அதன் கைத்திறன் புரியும். அம்மா மேரி ராய் சாதாரண ஆள் இல்லை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1986இல் வென்றவர். கோட்டயத்தில் பள்ளிக்கூடம் கட்டி எழுப்பியவர். கேரளத்துப் பெண்களுக்கு அவர் ஒரு கொடி.

கதை தொடங்குவதோ நம் ஊட்டியில். குடிகாரக் கணவரை விட்டு இரண்டு குழந்தைகளோடு வந்த மேரி, இறந்துபோன அப்பாவின் சிறு வீட்டில் தங்குகிறார். மகளுக்கு உரிமையில்லை, காலி செய் என்று தாயும் அண்ணனும் வந்து நிற்கிறார்கள். அந்தச் சட்டம் கேரளத்துக்குத்தான், தமிழ்நாட்டில் செல்லாது என்று ஒரு வக்கீல் சொல்லித் தப்புகிறார். பிற்பாடு உச்ச நீதிமன்றம் வரை எரிந்த நெருப்பு இங்கே பற்றியது. மகள் காட்டுவது என்னவென்றால், அதே நெருப்பு வீட்டுக்குள் பிள்ளைகள் மேலும் விழுந்தது. தெருநாயோடு சேர்ந்துவிட்டது என்பதற்காக வளர்ப்பு நாயைச் சுடச் சொன்ன அம்மா. மதிப்பெண் குறைந்ததற்கு மகனை அடித்துவிட்டு, நன்றாகப் படித்த மகளை மெச்சிய அம்மா. அன்றிலிருந்து தனக்கு எந்தப் பாராட்டு கிடைத்தாலும், பக்கத்து அறையில் யாரோ அடி வாங்குவதாகவே தோன்றுகிறது என்கிறார் ராய். புக்கர் பரிசு வாங்கியவர் இதை எழுதுகிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இடத்தின் கனம் தெரியும். அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, தன் புகழையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்.

புத்தகம் நெடுக அம்மா ‘மிஸஸ் ராய்’தான். பள்ளியில் மற்ற பிள்ளைகளைப் போலவே அழைத்துப் பழகிய பெயர் அது. அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவே தேவையான தூரத்தை அந்த ஒரு சொல்லே அளந்து கொடுத்துவிடுகிறது. நகைச்சுவையும் கைகொடுக்கிறது. புக்கர் பெற்ற தன் 1997 நாவலின் காணிக்கைப் பக்கத்தில், தன்னைப் போக விட்ட அளவுக்கு நேசித்தவர் என்று அம்மாவுக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்தப் புத்தகத்தில் உள்ள அசல் கற்பனை அது ஒன்றுதான் என்று அண்ணன் கேலி செய்வாராம்.

அம்மா 2022 செப்டம்பரில் இறந்தார். புத்தகம் மூன்றாண்டு கழித்து வந்தது. உயிரோடு இருக்கும்போதே எழுதியவர்களும் உண்டு. காந்தியின் மூத்த மகன் ஹரிலால், 1915இல் அப்பாவுக்கு எழுதிய மனத்தாங்கல் கடிதத்தை அச்சடித்தே கொடுத்தார். அதில் நியாயம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஆனால் பதிலை எதிர்பார்த்து எழுதியது என்பதால் அது கடைசி வரை வழக்காகவே நின்றுவிடுகிறது. ராய்க்கு இனி பதில் வராது. அதனால்தான் அம்மாவின் தரப்பையும் அவரே பேச வேண்டியிருக்கிறது. மூச்சிரைப்பு நோயில் தவிக்கும் அம்மாவுக்குத் தன் உடம்பையே இன்னொரு நுரையீரலாக நினைத்துக்கொண்ட சிறுமியை எழுதும்போது, அந்த இரண்டு தரப்புக்கும் கோடு எங்கே என்று கண்டுபிடிக்க முடிவதில்லை.

இத்தனைக்கும், புத்தகம் வந்த வேகத்தில் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு எதைப் பற்றியது என்றால், அட்டைப் படத்தில் இளம் அருந்ததி பீடி குடிப்பதையும் அதற்கு உரிய எச்சரிக்கை வாசகம் இல்லாததையும் பற்றி. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.