பகல்ல எரியுற லைட்டும் நான் போட்ட ஸ்விட்சும்

2017க்குப் பிறகு புது பைக் வாங்கினவங்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பா இருக்கும். எதிர்ல வர்றவர் கையைத் தூக்கி விரல்களை மடக்கி மடக்கி விரிப்பார். "லைட் எரியுதுப்பா, அணைச்சிடு"ன்னு அர்த்தம். அணைக்க ஸ்விட்சே இல்லைங்கிறதை ஓடுற வண்டியிலிருந்து எப்படிச் சொல்றது? தலையை ஆட்டிட்டுப் போயிடுவோம். அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் வரும் புது இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் எரிய வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம்.

நான் ஒரு படி மேல போனேன். 2018ல வாங்கின வண்டிக்கு ஒரே மாசத்துல மெக்கானிக்கிட்ட சொல்லி, ஹெட்லைட் வயரை வெட்டி ஸ்விட்ச் போட்டுக்கிட்டேன். என் வாதம் ரெண்டே ரெண்டு. வருஷம் பூரா வெயில் அடிக்கிற ஊர்ல பகல் லைட் எதுக்கு? பெட்ரோல் வேற தண்டம். ஆபீஸ்ல கேட்டவங்களுக்கெல்லாம் இதை விளக்கி, ரெண்டு பேரை அதே மெக்கானிக்கிட்ட அனுப்பியும் வெச்சேன்.

அடுத்த வருஷம் ஒரு மதியம், பழைய மகாபலிபுரம் சாலை. யூ-டர்ன் எடுக்க நின்ன ஒரு கார், நான் கிட்ட வந்த நேரத்துல திரும்பிடுச்சு. பிரேக் அடிச்சதுல வண்டி சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைஞ்சுது. ஓட்டினவர் வயசானவர். கை நடுங்க, "தம்பி, சத்தியமா உன்னைப் பாக்கலப்பா"ன்னார். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்தார், ஆனா நான் அவர் கண்ணுல படலை.

லைட் எரிஞ்சிருந்தா பார்த்திருப்பாரா? தெரியாது. ஒரு சம்பவம் தரவு ஆகாது. ஆனா மாவுக்கட்டோட ஆறு வாரம் வீட்ல இருந்தப்ப, என் வாதங்களை நானே சோதிச்சுப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதோட விளைவு.

முதல்ல கொஞ்சம் கணக்கு. முன்னாலிருந்து பார்த்தா பைக்கோட அகலம் ஏறக்குறைய 80 செ.மீ. 100 மீட்டர் தூரத்துல அது கண்ணில் அரை டிகிரிக்கும் குறைவான கோணத்தில் தெரியும். அதாவது வானத்துல தெரியுற முழு நிலா அளவு. 60 கி.மீ. வேகத்துல வந்தா, அந்த 100 மீட்டரை 6 நொடியில கடந்துடும். பாதி தூரம் வந்த பிறகும் ரெண்டு நிலா அகலம்தான். நேரா நம்மை நோக்கி வர்ற பொருள் பக்கவாட்டுல நகராது, கடைசி ரெண்டு நொடி வரைக்கும் பெருசா வளரவும் செய்யாது. அசைவைப் பிடிக்கப் பழகின கண்ணுக்கு அது பின்னணியோட ஒட்டின ஒரு புள்ளி. ஹெட்லைட் அந்தப் புள்ளியைப் பின்னணியிலிருந்து பிரிச்சுக் காட்டுது.

இப்ப வெயில் வாதம். இதுல ஓரளவு நியாயம் இருக்கு. 1977லேயே பகல் லைட்டைக் கட்டாயமாக்கின ஸ்வீடன்ல குளிர்காலச் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் மேல வராது. வெளிச்சம் ஒரு பொருளை மறைக்கவும் செய்யும். 1943ல் அமெரிக்கக் கடற்படை அவெஞ்சர் விமானத்தின் முன்பக்கத்தில் விளக்குகளைப் பொருத்தி, வானத்தின் பிரகாசத்துக்குச் சமமாக எரியவிட்டுச் சோதித்தது. சுமார் 19 கி.மீ. தூரத்தில் கண்ணில் பட்ட விமானம், 3 கி.மீ. வரை நெருங்கிய பிறகே தெரிந்தது.

ஆனா நம்ம ரோட்டுல பைக்குக்குப் பின்னணி வானம் இல்லை. புளியமர நிழல், கடை போர்டு, லாரி, தார் ரோடு. அதுக்கெல்லாம் எதிர்ல ஹெட்லைட் பல மடங்கு பிரகாசம். என் வாதத்தை உடைச்சது மலேசியா. 1992ல் அங்கே மோட்டார் சைக்கிள்களுக்குப் பகல் லைட் கட்டாயமானது. செரம்பான், ஷா ஆலம் நகரங்களில் செய்த ஆய்வில், பைக் கண்ணில் படாததால் நடக்கும் வகை விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தன. ரெண்டு ஊரும் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே. நம்மை விட வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடம்.

பெட்ரோல் வாதம்? பல பைக்குகள்ல மேக்னெட் சுத்துற வரைக்கும் கரன்ட் வந்துட்டே இருக்கும். தேவைக்கு மேல வர்றதை ரெகுலேட்டர் ஷார்ட் பண்ணிச் சூடாக்கி வீணடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில 35 வாட் பல்பை அணைச்சு நான் மிச்சம் பிடிச்சது ஏறக்குறைய பூஜ்யம். BE படிச்சவனுக்கு இது முதல்லயே தோணியிருக்கணும்.

இன்னொரு வாதமும் கேட்டிருப்பீங்க: "லைட் போட்டும் சாவு கூடிடுச்சே?" 2016ல் சாலை விபத்தில் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 34.8 சதவீதம். 2022ல் 44.5 சதவீதம். எண் உண்மைதான். ஆனா அந்த ஆறு வருஷத்துல ரோட்டுல பைக் எவ்வளவு கூடிச்சு? ஹெல்மெட் இல்லாம விழுந்தவங்க, பின்னாலிருந்து லாரி இடிச்சவங்க எல்லாரும் இந்தக் கணக்குல அடக்கம். முன்பக்க லைட் அவங்களை எப்படிக் காப்பாத்தும்? இதை வெச்சு சட்டம் தோத்துடுச்சுன்னு சொல்றது தப்பான கணக்கு. ஜெயிச்சுடுச்சுன்னும் இதை வெச்சுச் சொல்ல முடியாது.

ஆக, பைக்குக்குப் பகல் லைட் தேவை. கார் விஷயத்துல எனக்கு அந்த உறுதி இல்லை. ஐரோப்பாவில் 2011 முதல் புதிய கார் மாடல்களில் டிஆர்எல் கட்டாயம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் 2008 ஆய்விலோ ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. கட்டாயமாக்கும்படி கேட்ட மனுவை அந்த அமைப்பு 2009ல் நிராகரித்தது. ஆஸ்திரியா 2005ல் பகல் லைட்டைக் கட்டாயமாக்கி 2008ல் கைவிட்டது. எல்லா காரும் மின்னினா, மின்னுறதால மட்டுமே தெரிஞ்ச பைக் அந்தக் கூட்டத்துல கரைஞ்சு போகும்கிற கவலை நியாயமானது. நடந்து போறவங்களுக்கு அந்த லைட்டும் கிடையாது. 2022ல் இறந்தவர்களில் அவர்கள் 19.5 சதவீதம்.

கார் டிஆர்எல்ல என் பெரிய புகார் வேற. பல கார்கள்ல டிஆர்எல் முன்னால மட்டும்தான் எரியும், டெயில் லைட் எரியாது. மழையிலோ பொழுது சாயுற நேரத்துலயோ டேஷ்போர்டும் மின்னும், முன்னால வெளிச்சமும் தெரியும். ஓட்டுறவர் லைட் போட்டாச்சுன்னு நினைச்சுக்குவார். பின்னால வர்றவருக்கு அது இருட்டுல போற ஒரு கறுப்புப் பெட்டி. பைக்ல ஹெட்லைட்டோட டெயில் லைட்டும் சேர்ந்தே எரியுது. காருக்கும் அதையே கேட்கிறதுல என்ன கஷ்டம்?

கட்டு பிரிச்சதும் அதே மெக்கானிக்கிட்டப் போய் ஸ்விட்சைக் கழட்டச் சொன்னேன். போட்டதுக்கு 150 ரூபாய், கழட்ட 100. நான் அனுப்பி வெச்ச ரெண்டு பேர்கிட்டயும் விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தர் கழட்டிட்டார். இன்னொருத்தர் இன்னும் மைலேஜ் கணக்கு சொல்றார்.

கார் வெச்சிருக்கிறவங்க இன்னிக்குச் சாயங்காலம் ஒரு வேலை பண்ணுங்க. ஸ்டார்ட் பண்ணிட்டு, லைட் ஸ்விட்சைத் தொடாம இறங்கி, பின்பக்கம் போய்ப் பாருங்க. சிவப்பு எரியலைன்னா, அடுத்த மழைக்கு ஹெட்லைட்டைக் கையால போட்டுக்குங்க.