இம்பாக்ட்: ஒரு தலைப்பெழுத்தின் இயல்பும் பிரயோகமும்

நூல்களை விமர்சிக்கும் நாம், அவை எவ்வகை எழுத்தில் அச்சேறியுள்ளன என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அச்செழுத்தும் ஓர் ஆக்கமே. அதற்கெனவும் ஒரு நோக்கம் உண்டு. அந்நோக்கத்தைக் கொண்டே அது மதிப்பிடப்படல் வேண்டும். அவ்வாறு மதிப்பிடப்படாது பழிக்கப்பட்டதொன்று, இம்பாக்ட் என்னும் தடித்து ஒடுங்கிய ஆங்கில எழுத்து.

இங்கிலாந்தில் ஷெபீல்ட் நகரத்து ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகம் 1965 இல் இதனை ஈய எழுத்தாக வெளியிட்டது. இதனை வடிவமைத்த ஜெப்ரி லீ விளம்பரத் துறையைச் சார்ந்தவர். குறித்த இடத்தினுள் இயன்றளவு மையைத் தாளில் ஏற்றுதலே அவர் கருதியது. எழுத்தைச் சற்று உற்றுநோக்கின் இது புலப்படும். சிறிய எழுத்துக்களின் உடல், பெரிய எழுத்துக்களின் உயரத்தைப் பெரிதும் அணுகி நிற்கின்றது. மேலெழும் தண்டுகளும் கீழிறங்கும் வால்களும் குறுகிவிட்டமையால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். வளைவுகள் நிமிர்ந்து தூண்களாகின்றன. எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கவேண்டிய வெளி ஒரு கீற்றாகச் சுருங்குகின்றது.

தொடர்ந்து வாசிப்பதற்கு உதவுவன அவ்வெளியும் அத்தண்டுகளுமே. லீ அவ்விரண்டையும் அறிந்தே துறந்தார். சுவரொட்டியிலே இரண்டு மூன்று சொற்கள், நடந்து செல்பவனை நிறுத்தவேண்டும். அதற்கு இத்துறவு தகும். ஒரு பந்தி முழுவதையும் இதில் அமைத்தால் நெருங்க நட்ட கதியால் வேலியைப் பார்ப்பது போலிருக்கும். சிறிய அளவில் அமைப்பின் கீற்றும் மையால் அடைபட்டுவிடும்.

1996 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இணையத்துக்கென இலவசமாக வழங்கிய எழுத்துக்களுள் இதுவும் ஒன்று. பின்னர் விண்டோஸ் 98 உடன் எண்ணற்ற கணினிகளைச் சென்றடைந்தது. அச்சுக்கலைஞர் கையிலிருந்தது எல்லோர் கைக்கும் வந்தது. அறிவித்தல் முழுவதையும் இதிலேயே அமைத்தவர்களின் பிழை எழுத்தின்மேல் ஏறியது.

இணையத்தில் பரவிய கேலிப்படங்களில், கறுப்பு விளிம்பிட்ட வெள்ளை இம்பாக்டில் மேலொரு வரியும் கீழொரு வரியும் எழுதும் வழக்கத்தை மலினம் என்பாருமுளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னணிப் படம் ஒளியாயினும் இருளாயினும் அத்தடித்த தண்டுகள் மங்குவதில்லை, சொற்களும் சிலவே. லீ கருதிய பயன் இதுவன்றி வேறென்ன? பயிற்சியற்றோர் அதனைச் சரியாகவே கண்டுகொண்டனர். குறையொன்று உண்டு: இவ்வெழுத்துக்கு ஒரே குரல், அதுவும் உரத்த குரல். மெல்லப் பேசவேண்டிய இடத்தில் உதவக்கூடிய மெலிந்த இணை எதுவும் இதனுடன் பிறக்கவில்லை.

தமிழிலும் இத்தகையதொன்று வேண்டுமென விரும்புவோர் முதலில் நோக்கவேண்டியது சுழிகளையே. றோமன் எழுத்தின் வயிறு அடைபட்டாலும் புறவடிவு பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுக்கும். தமிழிலோ ணகரத்தையும் னகரத்தையும் பிரித்தறிவிப்பது ஒரு சுழி மட்டுமே. லீயின் வழியில் அப்படியே ஒடுக்கின், முதலில் மறைவது அச்சுழிதான்.