வளையத்துக்குள் பாய்கிறவனின் பெயர்

ஆப்பிரிக்க சர்க்கஸைப் பற்றி யார் எழுதினாலும் 'தெருவிலிருந்து மேடைக்கு' என்ற கதை எங்கிருந்தாவது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏழ்மை, கனவு, கைதட்டல். சரி, ஆனா அந்தப் பொண்ணு முதுகை எப்படி வளைச்சா, அந்தப் பையன் எங்க காலை ஊன்றினான்னு ஒரு வரியாவது எழுதலாம்ல? 'சர்க்கஸ் அபிசீனியா'வைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இந்த எரிச்சலில்தான்.

குழுவை நடத்துகிறவர்கள் பிபி, பிச்சு என்ற எத்தியோப்பிய சகோதரர்கள். பதின்வயதில் இங்கிலாந்துக்குப் போய் ஜக்ளிங்கில் பெயர் வாங்கியவர்கள். அடிஸ் அபாபாவின் 'சர்க்கஸ் விங்கேட்' பள்ளிக்குத் துணை நின்று, அங்கே பயின்ற இளைஞர்களோடு 'எத்தியோப்பியன் ட்ரீம்ஸ்' நிகழ்ச்சியை உருவாக்கினார்கள். 2017இல் அது எடின்பரோ விழாவுக்குப் போனது.

அதில் எனக்கு முக்கியமானது வளையப் பாய்ச்சல். சீனாவிலிருந்து வந்த வித்தை அது. வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஓடிவந்து, உடம்பைச் சுருட்டி, உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் விழ வேண்டும். தோளோ காலோ உரசினால் அடுக்கு சரிந்துவிடும். சீனக் குழுக்களின் வித்தைகளில் நான் கண்டது இயந்திரத்தின் ஒழுங்கு. இவர்களிடம் அது இல்லை, இருக்க வேண்டியதுமில்லை. எத்தியோப்பியாவில் எஸ்கிஸ்தா என்றொரு தோள் நடனம் உண்டு. தோளும் கழுத்தும்தான் அதில் தாளத்தை வெட்டும். அந்தத் தாளத்தில் வளர்ந்த உடம்பு வளையத்துக்குள் போகும்போது, பாய்ச்சல் தரையில் முடிவதில்லை. விழுந்து எழுகிற அசைவிலும் தாளம் மிச்சமிருக்கிறது. முந்தினவன் எழுவதற்குள் அடுத்தவன் ஓட ஆரம்பித்துவிடுகிறான். இதை 'ஆற்றல்', 'உற்சாகம்' என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். இது ஒரு வடிவம், கற்று அடைந்த வடிவம்.

பரிதாபத்தின்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வர வேறொரு காரணமும் இருக்கிறது. ராணுவ ஆட்சி விழுந்த 1991இல் அடிஸ் அபாபாவில் தொடங்கியது 'சர்க்கஸ் எத்தியோப்பியா'. தொடங்கியவர் ஒரு கனடாக்காரர். கண்ணிவெடி, எய்ட்ஸ் பற்றியெல்லாம் பிள்ளைகள் வித்தையிலேயே பேசினார்கள். தெருப்பிள்ளைகளைக் காப்பாற்றும் சர்க்கஸ் என்று வெளிநாடுகள் கைதட்டின. 1998இல் ஆஸ்திரேலியப் பயணத்தின்போது கலைஞர்கள் சிலர் அங்கேயே அடைக்கலம் கேட்டார்கள். தொடங்கியவர்மீது அவர்கள் சொன்னது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு. காப்பாற்றியவர் என்ற கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதற்குள் இருக்கும் பிள்ளையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

நாம ஒண்ணும் யோக்கியமில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை சொன்ன பிறகு இந்தியக் கூடாரங்களில் ஆள் குறைந்தது. இப்போது பல கூடாரங்களில் எத்தியோப்பிய, தான்சானியக் கலைஞர்கள் ஆடுகிறார்கள். போஸ்டரில் அவர்கள் 'ஆப்பிரிக்க வீரர்கள்'. ஊரும் கிடையாது, பேரும் கிடையாது.

அதனால்தான் அபிசீனியா குழுவின் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு பெயரையே தலைப்பாக வைத்ததை முக்கியமாகப் பார்க்கிறேன்: 'துலு'. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற தெரார்து துலுவின் கதை. ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண் அவர். பரிதாபத்துக்கு இங்கே இடமில்லை.

ஆனால் தேர்வு எளிதல்ல. அந்த ஓட்டம் 31 நிமிடம். அதில் பெரும்பகுதி துலு செய்தது காத்திருப்பு. எலானா மேயருக்குப் பின்னாலேயே ஓடி, கடைசிச் சுற்றில்தான் பறந்தார். சர்க்கஸின் பொழுதோ நொடிக்கணக்கு. அந்தப் பொறுமையை வித்தையால் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. சர்க்கஸுக்கு நெருக்கமானது ஓட்டம் முடிந்த பிறகு நடந்ததுதான். எல்லைக்கோட்டைத் தாண்டிய துலு மேயருக்காக நின்றார். மேயர் வெள்ளைக்காரர்; 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் திரும்பியிருந்த தென்னாப்பிரிக்காவுக்காக ஓடியவர். இருவரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றினார்கள். பார் விளையாட்டில் விரலை விரல் பிடிப்பதில்லை. மணிக்கட்டை மணிக்கட்டு பிடிக்கும். ஒருவர் பிடி தளர்ந்தாலும் மற்றவர் பிடி தாங்கும். இந்தக் கதையின் உயிரை நான் தேடுவது அந்தப் பிடியில்தான், பதக்கத்தில் இல்லை.