எம்எஸ்-டாஸ் கெர்மிட், என்சிஎஸ்ஏ டெல்நெட், எம்டிசிபி: ஓர் ஒப்பீடு

டெர்மினல் எமுலேட்டர் எனப்படும் முனையப் போன்மி, ஒரு கணினியைப் பழைய முனையம்போல் நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருள் ஆகும். டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையத்தின் கட்டளைக் குறிகள் லினக்ஸ் கணினிகளில் இன்றும் வழக்கில் உள்ளன. ஆகவே டாஸ் மட்டும் இயங்கும் பழைய ஐபிஎம் பிசியையும் இன்றைய வலையமைப்புடன் இணைக்க முடியும். அதற்கு உதவும் மூன்று மென்பொருள்கள் இங்கு ஒப்பிடப்படுகின்றன.

எம்எஸ்-டாஸ் கெர்மிட்

கெர்மிட் நெறிமுறை 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவானது. மப்பெட் பொம்மைத் தவளையின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. இதன் டாஸ் பதிப்பு சீரியல் போர்ட், ஈதர்நெட் இரண்டிலும் இயங்கும். விடி320 வரை போன்மிக்கும். கெர்மிட் மெதுவானது என்று பலரும் குறை கூறுவர். இது பாதி உண்மையே. தொடக்க அமைப்பில் அது ஒரு முறைக்குச் சுமார் 90 எழுத்துகளை அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்கும். பழுதான தொலைபேசி இணைப்பிலும் கோப்பு சிதையாமல் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். பொதி அளவைக் கூட்டினால் வேகமும் கூடும். மறுமுனையிலும் கெர்மிட் இருக்க வேண்டும் என்பதே உண்மையான குறை.

என்சிஎஸ்ஏ டெல்நெட்

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையம் 1986இல் உருவாக்கியது. டிசிபி/ஐபி வசதியே இல்லாத டாஸுக்கு அதைத் தன்னுள்ளேயே கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் பல இணைப்புகளையும் தந்தது. ஆனால் இதன் வளர்ச்சி 1990களின் நடுவில் நின்றுவிட்டது. இன்று இதற்கு வரலாற்று மதிப்பே மிகுதி.

எம்டிசிபி

மைக்கேல் புருட்மன் எழுதிய கட்டற்ற மென்பொருள் தொகுப்பு இது. 8088 செயலியிலும் இயங்கும். டெல்நெட், எஃப்டிபி ஆகியவற்றோடு டிஎச்சிபி வசதியும் இருப்பதால், வீட்டு ரவுட்டரிடமிருந்து ஐபி முகவரி தானே கிடைத்துவிடும். ஆனால் நெட்வொர்க் அட்டையும் அதற்குரிய பாக்கெட் டிரைவரும் தேவை.

பொதுவான குறைகள்

டெல்நெட் வழியே செல்லும் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இன்றி வெளிப்படையாகவே செல்லும். இணையத்தில் உள்ள கணினிக்கு நேரடியாக இவ்வாறு இணைவது ஆபத்தானது. வீட்டிலுள்ள லினக்ஸ் கணினி ஒன்றுக்கு முதலில் இணைந்து, அங்கிருந்து எஸ்எஸ்எச் வழியாக வெளியே செல்வதே பாதுகாப்பான முறை. தமிழ் எழுத்துகளும் இவற்றில் தெரியா. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகள் கொண்டது. டாஸ் திரை அதை மூன்று வேற்றுக் குறிகளாகக் காட்டும்.

மதிப்பீடு

நெட்வொர்க் அட்டை உள்ள கணினிக்கு எம்டிசிபி எளியது. அட்டை இல்லையென்றால் கெர்மிட்டும் ஒரு நல்-மோடம் கேபிளும் போதும். பழைய வட்டில் சிக்கியுள்ள கோப்புகளை மீட்க விரும்புவோர் கெர்மிட்டையே முதலில் முயலலாம். அங்கு வேகத்தைவிடக் கோப்பு பிழையின்றி வந்து சேர்வதே முக்கியம்.